பெங்கோவில் ஒரு நாளும் குடியிருக்காதவள்

என் தங்கை ஒத்தீலியா கர்ராஸ்கோவைத் தொமே ஊரில் பாதிப் பேர் ரொட்டிக்காரி என்பார்கள், மீதிப் பேர் பிடிவாதக்காரி என்பார்கள். இரண்டும் உண்மை. ரொட்டியைப் பற்றி ஊரே பேசும். பிடிவாதத்தைப் பற்றி நான்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அதில் பெரும்பகுதிக்கு நான் சாட்சி. நீதிமன்றத்திலும் சாட்சியாக நின்றிருக்கிறேன்.

அவளுக்கு நான் ஏழு வயது மூத்தவள். அப்பா வளைகுடாவில் வலை போடுபவர், அம்மா கம்பளி ஆலையில் நூல் அலசும் பிரிவில் இருந்தாள். நான் ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டுப் பதினாறு வயதில் அதே ஆலையில் சேர்ந்தேன். துணி பார்க்கும் வேலை. விளக்கு எரியும் மேசைமேல் துணி ஓடும். முடிச்சு, விடுபட்ட இழை எதைக் கண்டாலும் சாக்கட்டியால் குறி போட வேண்டும். ஒத்தீலியா என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தாள். தறிக்கு வந்தாள். ஒரே சமயத்தில் இரண்டு தறி ஓட்டுவாள். அவள் துணி என் மேசைக்கு வரும் நாட்களில் என் சாக்கட்டி தேயாது. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. இன்னொருத்தி நெய்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

1984 ஜனவரி பதினான்காம் தேதி, தொமே பதிவு அலுவலகத்தில், சாயப் பிரிவில் வேலை பார்த்த நொல்பேர்த்தோ இன்சுன்சாவை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அவனுக்கு நல்ல குரல். ஆலை விழாவில் அவன் பாடினால் மேஸ்திரிகூடக் கை தட்டுவார். மறு வருஷம் மூத்தவள் யஸ்னா பிறந்தாள், இடுப்பு எலும்பு நழுவிய பிள்ளையாக. மாதம் இரண்டு முறை கொன்செப்சியோன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. "ஒரு சம்பளம் போதும், நீ பிள்ளையப் பாரு," என்றான் நொல்பேர்த்தோ. ஆகஸ்டில் தறியை விட்டாள். 88இல் எலியாஸ் பிறந்தான். 89இல் அரசாங்க மானியத்தில் மேட்டுத் தெருவில் வீடு கிடைத்தது. இரண்டு அறை, துத்தநாகத் தகட்டுக் கூரை, பின்னால் செங்கல் அடுப்பு வைக்க இடம். பத்திரம் அவன் பேரில்தான் எழுதப்பட்டது. அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

1991 மார்ச் இருபத்து மூன்று, சனிக்கிழமை, அவன் துணிமணியையும் வானொலியையும் இருந்ததிலேயே நல்ல போர்வையையும் எடுத்துக்கொண்டு தல்காவானோவுக்குப் போனான். அங்கே துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் வேலை. எல்பா என்ற பெண்ணும் அங்கேதான் இருந்தாள்.

ஒத்தீலியா அழுததை நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் கூடையோடு நின்றாள், சுடச்சுட ரொட்டி. பதினைந்து வருஷம் அந்த வாசலில் நின்றாள்.

பெங்கோ விஷயத்தைச் சொல்லாமல் இவளைப் புரிய வைக்க முடியாது. எங்கள் நாட்டில் அன்று விவாகரத்துச் சட்டம் கிடையாது. பிரிய நினைத்தவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். கல்யாணம் நடந்த நாளில் மாப்பிள்ளையும் பெண்ணும் அந்த ஊரில் குடியிருக்கவே இல்லை என்று இரண்டு சாட்சிகள் சத்தியம் செய்வார்கள். வேறு ஊர்க்காரர்களுக்குப் பதிவு செய்ய அந்த ஊர்ப் பதிவாளருக்கு அதிகாரம் இல்லை; எனவே கல்யாணமே செல்லாது; எனவே அது நடக்கவே இல்லை. நீதிபதிக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும், சாட்சிக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. மருந்துக்கடையில் வரிசையில் நிற்பதுபோல ஒரு காரியம். ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்காக நானே சத்தியம் செய்திருக்கிறேன், அவள் பெங்கோவில் இருந்தாள் என்று. பெங்கோ பக்கத்து ஊர், பேருந்தில் அரை மணி நேரம்.

1996இல் நொல்பேர்த்தோ அந்தக் காகிதத்தோடு வந்தான். எல்பாவைக் கல்யாணம் செய்ய வேண்டுமாம்.

"ரெண்டு பேரும் அப்போ பெங்கோவுல இருந்தோம்னு சொன்னா போதும் ஒத்தீலியா. சாட்சிய வக்கீலே பாத்துக்குவாரு. நீ எதிர்க்காம இருந்தா சரி."

"நான் பெங்கோவுல ஒரு ராத்திரிகூடத் தூங்கினது இல்லையே."

"யாருதான் தூங்கினா? சும்மா எழுதுறதுதானே!"

"சும்மா எழுதினா, நான் யாரு நொல்பேர்த்தோ? ஏழு வருஷம் உன் சட்டைய துவச்சவ யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சட்டத்துல இடம் இருக்கு."

"பிள்ளைங்களப் பத்தி நான் கேக்கல. என்னப் பத்திக் கேட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். "எர்மீனியாக்கா, நீங்களாவது சொல்லுங்க."

நான் சொல்லத்தான் நினைத்தேன், கையெழுத்தைப் போட்டுத் தொலையட்டும் என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் மூன்று முறை ஆள் அனுப்பினான். மூன்று முறையும் ஒரே பதில். புருஷன்மேல் இன்னும் ஆசை என்று ஊரில் சிலர் சொன்னார்கள், பழி வாங்குகிறாள் என்று சிலர். அவள் எதற்கும் விளக்கம் கொடுக்கவில்லை. ரொட்டி விற்றாள்.

2004 நவம்பரில் விவாகரத்துச் சட்டம் வந்தது. மீன் சந்தையில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்: "ஆயுள் தண்டனைக் கைதிங்களுக்கு நன்னடத்தை விடுதலை! வரிசையில வாங்க!" எல்லோரும் சிரித்தோம். ஒத்தீலியா மட்டும் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

2006 மே மாதம் நொல்பேர்த்தோ மறுபடி வந்தான், இந்த முறை நல்ல மேலங்கியில். மழை பெய்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் மாலைத் தேநீருக்கு உட்கார்ந்திருந்தோம். ஒத்தீலியா அவனுக்கும் ஒரு கோப்பை வைத்தாள், பூசணி மாவில் பொரித்த சொப்பைப்பியா இரண்டு வைத்தாள். அவன் தின்றுகொண்டே நான்கு பக்கக் காகிதத்தை விரித்தான்.

"பொய் ஒண்ணும் இல்ல, பாத்துக்க. நெசமான விவாகரத்து. ரெண்டு பேரும் சம்மதிச்சதா எழுதியிருக்கு. வக்கீல் என் ஆளு, உனக்கு ஒரு காசு செலவில்ல. கையெழுத்து மட்டும்."

"வீடு?"

"அது அப்புறம். விவாகரத்து முடிஞ்சா பொதுச் சொத்து ரெண்டாப் பிரியும், சட்டப்படி. வித்து ஆளுக்குப் பாதி. உனக்கும்தானே கிடைக்குது."

"வித்துட்டு நான் எங்க போறது?"

"யஸ்னாகூட இரு. எர்மீனியாக்கா வீடு இல்லையா?"

"என்னை ஏன் இழுக்கிற?" என்றேன். "மேலங்கி புதுசு, புத்தி பழசுதான்."

ஒத்தீலியா காகிதத்தைப் படித்தாள். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, முதல் பக்கத்திலிருந்து. அவன் இரண்டாவது கோப்பையைக் குடித்து முடித்தான், அவள் மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். ஏழாவது பத்தியில் விரல் நின்றது.

"'தம்பதியர் ஒருவர்மேல் ஒருவர் எவ்வித ஈடும் கோர மாட்டார்கள்.' ஈடுன்னா என்ன?"

"அது வக்கீல் பாஷை. எல்லாத்துலயும் எழுதுவாங்க."

"எல்லாத்துலயும் எழுதுறதுன்னா அதுல ஏதோ இருக்கு. காகிதத்த வெச்சிட்டுப் போ."

"ஒத்தீலியா, ஒரு கையெழுத்து..."

"வெச்சிட்டுப் போ. பெங்கோவுக்குக் காத்திருந்த இல்ல, இதுக்கும் காத்திரு."

மறு வாரம் வக்கீல் தேடினோம். முதலில் கொன்செப்சியோனில் தோன் அபெலார்தோ என்பவரிடம் போனோம். ஆலையில் பலருக்குக் கல்யாண ரத்து வாங்கிக் கொடுத்தவர் என்று பேர். ஒத்தீலியா கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு மாவுப் பையின் பின்பக்கத்தில் எழுதி வந்திருந்தாள். அவர் ஈடு என்றால் என்ன என்று நன்றாகத்தான் விளக்கினார். பிள்ளைகளையும் வீட்டையும் பார்ப்பதற்காக வேலையை விட்டவள், அதனால் இழந்ததைக் கணவனிடம் கேட்கலாம். எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதை நீதிபதி பார்ப்பார்.

"எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தீங்க?"

"ஏழு வருஷம், ரெண்டு மாசம்."

"கம்மி," என்றார். "தொண்ணூத்தொம்பதுவரைக்கும் இருந்தான்னு வெச்சுக்குவோம். பதினஞ்சு வருஷம். பாதி வீடு என்ன, முழு வீடே கேக்கலாம். ரெண்டு சாட்சி போதும். இந்த அம்மா ஒண்ணு. நான் எழுதித் தரேன், மனப்பாடம் பண்ணிக்கிட்டா சரி."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. பெங்கோவுக்குச் சத்தியம் செய்தவளுக்கு எட்டு வருஷம் சேர்த்துச் சொல்வது ஒரு பெரிய விஷயமா? தங்கைக்கு ஒரு கூரை நிலைக்கும் என்றால் இருபது வருஷம் என்றும் சொல்வேன். தலையாட்டினேன்.

ஒத்தீலியா மாவுப் பையை மடித்தாள். "ஐயா, எட்டு வருஷம் அவன் என்கூட இருந்தான்னா, அந்த எட்டு வருஷம் விடியக்காலையில தனியா அடுப்பு மூட்டினவ யாரு?"

"அம்மா, இது கோர்ட்டு. பாவமன்னிப்புக் கூண்டு இல்ல."

"அதனாலதான் ஐயா," என்று எழுந்தாள்.

படியிறங்கும்போது நான் கத்தினேன். "முழு வீடு கிடைக்கும்னு சொல்றாரு! உனக்கு என்னடி கேடு?"

"அக்கா, அவன் நான் இருந்த ஏழு வருஷத்த இல்லேன்னு எழுதச் சொன்னான், மாட்டேன்னேன். இப்போ இல்லாத எட்ட இருந்துச்சுன்னு நான் எழுதினா, அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

பேருந்தில் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவள் பாதி வழியில் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு என் மடியில் வைத்தாள். தின்றேன்.

இரண்டாவது வக்கீல் தொமேயிலேயே இருந்தார். மரீத்சா அர்ராத்தியா, பட்டன் கடைக்கு மேலே மாடி, முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேசைமேல் கோப்பு குவிந்திருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் ஓரம் சேர்ந்து அடுக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் சமாதானம் ஆனேன்.

ஒத்தீலியா உட்கார்ந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டாள்: "வக்கீலம்மா, கோர்ட்டுல நான் என்ன சொல்லணும்னு நீங்க சொல்லுவீங்களா?"

"என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்க. எந்த வரிசையில சொல்றதுன்னு மட்டும் நான் சொல்லித் தரேன்."

ஒத்தீலியா என்னைப் பார்த்தாள். முடிவாகிவிட்டது என்று தெரிந்தது. வக்கீலம்மா தன் கட்டணத்தையும், அதற்குள் என்னென்ன அடங்கும், என்னென்ன அடங்காது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு நிதானமாக விளக்கினார்.

"மூணு வருஷம் தனியா இருந்தா ஒருத்தர் மட்டுமே கேட்டு விவாகரத்து வாங்கலாம். அவர் சம்மதம் வேணாம். உங்களுக்கு ஏற்கனவே பதினஞ்சு. புதுச் சட்டத்துக்கு முந்தின கல்யாணம்ங்கறதால சாட்சி வெச்சே நிரூபிக்கலாம். அது சுலபம். கஷ்டம் ஈடுதான். ஒண்ணு நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க: ஈட்ட இந்த வழக்குலயே கேக்கணும். தீர்ப்பு வந்த பிறகு கதவு சாத்தியாச்சு, தட்டினாலும் திறக்காது. அதனாலதான் அவர் காகிதத்துல அந்த ஏழாவது பத்தி."

"அதுல கையெழுத்துப் போட்டிருந்தா?"

"வீட்டுல பாதியும் போயிருக்கும், கேக்குற உரிமையும் போயிருக்கும்."

நான் மேசைக்கு அடியில் ஒத்தீலியாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு விசாரணை," என்று வக்கீலம்மா தொடர்ந்தார். "முதல்ல தயாரிப்பு விசாரணை. யாருக்கு என்ன வேணும், யார் சாட்சின்னு பேசுறது. ரெண்டாவது, சாட்சிங்கள கேக்குறது. அவருடைய பாதி வீட்ட ஈடாக் கேப்போம். சரி, ஒண்ணு கேக்கறேன். தொண்ணூத்தொண்ணுக்கு அப்புறம் அவர் திரும்ப அந்த வீட்டுக்கு வந்தாரா?"

"இல்ல," என்றேன் நான்.

"வந்தான்," என்றாள் ஒத்தீலியா.

அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டு சொன்னாள்: "தொண்ணூத்து மூணுல. துறைமுகத்துல விழுந்து தொடையெலும்பு உடைஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு அப்போ அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தா, சண்டையில. மழையில ஆம்புலன்ஸ்காரங்க கொண்டாந்து இறக்கிட்டுப் போனாங்க. நாலு மாசம். அடுப்படியில எலியாஸ் கட்டில்ல படுத்திருந்தான்."

"சேர்ந்து வாழ்ந்தீங்களா?"

"கழுவி விட்டேன், ஊட்டி விட்டேன். அதுக்கு உங்க சட்டத்துல என்ன பேருன்னு எனக்குத் தெரியாது."

"வக்கீலம்மா, இத விட்டுடலாம்," என்றேன். "இதச் சொன்னா புருஷன் பொண்டாட்டியா சேந்துட்டாங்கன்னு அவங்க வக்கீல் புடிச்சுக்குவான்."

"புடிக்கலாம்தான்," என்றார். "அதுக்கப்புறமும் பதிமூணு வருஷம் ஆச்சு, மூணு போதும். நாமளா மறைச்சு, அவங்க எடுத்து வெச்சா மத்த எதையும் நீதிபதி நம்ப மாட்டாங்க. எர்மீனியாம்மா, நீங்கதான் முதல் சாட்சி. கேப்பேன். சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்று முனகினேன். உண்மையில் அந்த நான்கு மாதத்தைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அதில் ஒத்தீலியாவுக்கே தெரியாத ஒன்று இருந்தது.

ஆகஸ்டில் தயாரிப்பு விசாரணை. நொல்பேர்த்தோவின் பதில் மனுவை வக்கீலம்மா எங்களுக்குப் படித்துக் காட்டினார். "மனுதாரர் தன் விருப்பத்தினால் வேலையை விட்டார். பிறகு வேலைக்குப் போகும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. கணவர் பிரிந்த பிறகு அந்த வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை." கடைசி வரியைக் கேட்டதும் ஒத்தீலியா சிரித்துவிட்டாள்.

"காலடி வைக்கலதான். தூக்கிட்டுத்தானே வந்தாங்க."

அவன் ஏன் அப்படி எழுதினான் என்று எனக்கு உடனே விளங்கியது. எல்பாவிடம் அந்த நான்கு மாதமும் சந்தியாகோ ஆஸ்பத்திரியில் கிடந்ததாகச் சொல்லியிருந்தான். விசாரணை நாளிலெல்லாம் அவள் நடைபாதைப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, சாட்சி விசாரணை. என் பேரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண். உண்மை சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். பெங்கோவுக்காக முன்பு இதே வார்த்தையைச் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. இந்த முறை நடுங்கியது.

வக்கீலம்மா வரிசையாகக் கேட்டார். கல்யாணம், யஸ்னாவின் இடுப்பு, தறியை விட்ட மாதம், அவன் போன சனிக்கிழமை. தேதி தேதியாகச் சொன்னேன். பிறகு கேட்டார்: "அதுக்கப்புறம் அவர் அந்த வீட்டுல தங்கினாரா?"

"தங்கினாரு. தொண்ணூத்து மூணு ஜூன் ஒம்பதாந்தேதி புதன்கிழமையிலேருந்து அக்டோபர் பதினொண்ணு திங்கக்கிழமை வரைக்கும். தொடையில மாவுக்கட்டு."

நொல்பேர்த்தோவின் வக்கீல் அவன் பக்கம் திரும்பினார். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதிமூணு வருஷம் முன்னாடி நடந்தது, தேதி எப்படி இவ்வளவு துல்லியமா தெரியும்?" என்று கேட்டவர் நீதிபதி.

"அதுல எம்பத்துநாலு நாள் என் தங்கச்சியோட நான் பேசல அம்மா. பேசாம இருக்கிறவங்கதான் நாள எண்ணுவாங்க."

"ஏன் பேசல?"

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை, வக்கீலம்மாவிடமும். இப்போது மறைக்க எனக்கு வழியில்லை.

"அந்த ஜூலையில ஆலையில புதுசா பன்னண்டு தறி ஓட்டப் போறதா சொன்னாங்க. பழைய நெசவுக்காரங்கள்ல சிலரத் திரும்பக் கூப்பிடப் பட்டியல் போட்டாங்க. என் தங்கச்சி பேரு அதுல இல்ல. நான் மேஸ்திரிகிட்ட மூணு வாரம் நடையா நடந்து சேக்க வெச்சேன். அவளுக்குத் தெரியாது. அவ கைவேலைக்காகவே கூப்பிட்டாங்கன்னு நெனைக்கட்டும்னு விட்டுட்டேன். ஜூலை பத்தொம்போது திங்கக்கிழமை வேலைக்கு வரணும். சீட்டு அவ கைக்குப் போச்சு. அவ வரல. தறி வேற ஒருத்திக்குப் போச்சு. அன்னிக்குச் சாயங்காலம் போய்க் கேட்டேன். இவரை விட்டுட்டு வர முடியாதுன்னா. வாசப்படியிலேயே திரும்பிட்டேன்."

நான் ஒத்தீலியாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேச்சு நின்றிருக்கும்.

எதிர் வக்கீல் எழுந்தார். "அப்போ வேலை வந்திருக்கு. அவங்களாவே முடிவெடுத்துப் போகல. அப்படித்தானே?"

"ஆமாங்க, அவதான் முடிவெடுத்தா. படுத்த படுக்கையா இருக்கிற ஆளத் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டு போக வேற யாரு இருந்தா? நீங்க வந்திருப்பீங்களா?"

"சாட்சி கேள்வி கேக்கக் கூடாது," என்றார் நீதிபதி. ஆனால் உடனே நொல்பேர்த்தோவிடம் திரும்பினார். "சாட்சி சொல்றது உண்மையா? ஜூன்லேருந்து அக்டோபர் வரைக்கும் அந்த வீட்டுல இருந்தீங்களா?"

அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கூரையைப் பார்த்தார்.

"இருந்தேன்."

"ஆலையில கூப்பிட்டது தெரியுமா?"

"தெரியும். சீட்டக் காட்டினா. நான்தான் போகாதேன்னு சொன்னேன். நீ போனா என்ன யாரு பாப்பான்னு அழுதேன்."

"மனுவுல வேற மாதிரி எழுதியிருக்கே."

நீதிபதி என்னைப் பின்னால் போய் உட்காரச் சொல்லிவிட்டு, மேலே போகுமுன் இரு தரப்பும் சமரசம் பேசிப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். கால் மணி நேரம் கொடுத்தார். எதிர் வக்கீல் நொல்பேர்த்தோவை ஓரமாக அழைத்துப் போய்க் காதில் பேசினார். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். திரும்பி வந்து நின்றபோது மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"என் பாதி வீட்ட நான் ஒத்தீலியாவுக்குக் குடுத்துடறேன். பிள்ளைங்களோட அம்மா. ஒரு பரிசா வெச்சுக்கட்டும்."

எனக்கு உயிர் வந்தது. எழுந்து நின்று நன்றி சொல்லிவிடுவேன் போல இருந்தது. வக்கீலம்மா பேனாவை எடுத்தார். நீதிபதி எழுத்தரிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"வேணாம்," என்றாள் ஒத்தீலியா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். மாவு வேலை செய்து தடித்த கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, பரிசுன்னா அவன் நல்ல மனசு. நாளைக்கு வேற மனசு வந்தா என்ன ஆகும்? நான் பரிசு கேட்டு வழக்குப் போடல. இதுக்குச் சட்டத்துல ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரப் போட்டு எழுதுங்க. எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும்னும் எழுதுங்க. எண்பத்தஞ்சு ஆகஸ்ட்ல தறிய விட்டேன்னு எழுதுங்க. அப்படின்னா வாங்கிக்கறேன். இல்லேன்னா விசாரணைய நடத்துங்க, நான் இன்னும் என் பக்கம் சொல்லவே இல்ல."

"பைத்தியமே, எதுவானா என்ன, வீடு வீடுதானே!" என்றான் நொல்பேர்த்தோ.

"உனக்கு எதுவானா என்ன. கையெழுத்துப் போடு."

நீதிபதி எழுத்தரிடம் சொன்னார்: "பொருளாதார ஈடு. அவங்க சொன்ன தேதியோட எழுதுங்க." எழுத்தர் தட்டினார். நொல்பேர்த்தோ கையெழுத்துப் போட்டான். ஒத்தீலியா தாளை வாங்கி, விரல் வைத்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். நீதிபதி அவசரப்படுத்தவில்லை. கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். கல்யாண நாள், வேலையை விட்ட மாதம், அவன் போன நாள், விவாகரத்துக்கு இருவரும் மேற்கொண்டு ஆட்சேபிக்கவில்லை என்பது, பாதி வீடு ஈடாக. எல்லாம் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

நடைபாதையில் எல்பா எழுந்து நொல்பேர்த்தோவிடம் என்ன ஆனது என்று கேட்டாள். அவன் பேருந்துக்கு நேரமாகிறது என்றான். விசாரணை அறைக் கதவு முழுநேரமும் சரியாகச் சாத்தாமல் இருந்தது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது போல. "சந்தியாகோ ஆஸ்பத்திரியில சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவள் படி இறங்கினாள்.

வெளியே வந்ததும் ஒத்தீலியா என் பக்கம் திரும்பினாள்.

"மூணு வாரம் நடந்தியா?"

"செருப்பு பழசு, அதான் நடந்தேன்."

"என் கைவேலைக்காகக் கூப்பிட்டாங்கன்னு பதிமூணு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன் அக்கா."

"கைவேலைக்காகவும்தான்டி. நான் சொன்னேன், அவரு உன் துணிய எடுத்துப் பாத்தாரு, பேர எழுதிட்டாரு. துணி நல்லா இல்லேன்னா எழுதியிருப்பாரா?"

அவள் என் கையைக் கோத்துக்கொண்டாள். கடற்கரைச் சாலைவரை அப்படியே நடந்தோம்.

தீர்ப்பு உறுதியாகி, பதிவு அலுவலகத்தில் அவர்கள் கல்யாணப் பதிவின் ஓரத்தில் விவாகரத்துக் குறிப்பு ஏறியது. கல்யாணம் நடந்த நாள் அடிக்கப்படவில்லை. 1984 ஜனவரி 14, தொமே, அப்படியே இருக்கிறது, பக்கத்தில் அது முடிந்த நாள். அந்த நகலோடு ஜனவரியில் சொத்துப் பதிவாளர் அலுவலகம் போனோம். எழுத்தர் இளைஞன், குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அம்மா, மண நிலைன்னு ஒரு இடம் இருக்கு. என்னன்னு போடட்டும்?" கேட்கவே சங்கடப்பட்டான்.

"விவாகரத்தானவ," என்றாள் ஒத்தீலியா. பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கேட்டது. "சொந்தக்காரிங்கற இடத்துல என் முழுப் பேரப் போடு தம்பி. ஒத்தீலியா தெல் கார்மென் கர்ராஸ்கோ. ரெண்டு 'ர்' வரும், பாத்து எழுது."

அவன் எழுதினான். அவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் மாவு பிசைந்தாள், மாலை ரொட்டிக்கு நேரமாகியிருந்தது.